அட்வான்ஸ் கட்டும் முன்: கவுன்சலிங் வழிச் சேர்க்கையோடு வரும் கட்டண உரிமைகள்

பிளஸ் டூ முடிவு வெளியாவதற்கு முன்பே, கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பகுதிகளில் பல குடும்பங்கள் ஏதேனும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டா இடத்துக்கு அட்வான்ஸ் கட்டிவிடுகின்றன. பனியன் கம்பெனியிலோ தறியிலோ உழைத்துச் சேர்த்த சீட்டுப் பணமும், நகையை அடகு வைத்து வாங்கிய கடனும் இதற்குப் போகின்றன. அப்படிச் சேரும் பிள்ளைக்கு அரசு தரும் கட்டணச் சலுகைகளில் முக்கியமானவை கிடைக்காது என்பது பணம் கட்டிய பிறகே பலருக்குத் தெரியவருகிறது. அந்தச் சலுகைகள் மாணவர் எந்தக் கல்லூரியில் படிக்கிறார் என்பதைவிட, எந்த வழியில் இடம் பெற்றார் என்பதையே பொறுத்தவை.

தமிழ்நாட்டில் பொறியியல் கவுன்சலிங்கைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இணையவழியில் நடத்துகிறது. நுழைவுத்தேர்வு கிடையாது; கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது. சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரிகள் தம் இடங்களில் 65 விழுக்காட்டை இந்தக் கவுன்சலிங்குக்கு ஒப்படைக்கின்றன. எஞ்சியதே மேனேஜ்மென்ட் கோட்டா. ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளை அட்வான்ஸ் கட்டிச் சேர்ந்த அதே கல்லூரியில், அதே பாடப்பிரிவில், கவுன்சலிங் வழியாகவும் இடம் இருக்க வாய்ப்பு அதிகம்.

கட்டண வேறுபாட்டைப் பார்ப்போம். 2017ஆம் ஆண்டு கட்டண நிர்ணயக் குழு வகுத்தபடி, சுயநிதிக் கல்லூரியில் தர அங்கீகாரம் பெறாத பாடப்பிரிவுக்குக் கவுன்சலிங் இடத்தில் ஆண்டுக்கு 50,000 ரூபாய், மேனேஜ்மென்ட் இடத்தில் 85,000 ரூபாய். அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு முறையே 55,000 ரூபாய், 87,000 ரூபாய். விடுதிக் கட்டணமும் பேருந்துக் கட்டணமும் இவற்றுக்கு வெளியே. இதற்கு மேல் நன்கொடை என்று கேட்பதை 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது.

இனி முதல் பட்டதாரி சலுகை. 2010-11 முதல் நடைமுறையில் உள்ள இத்திட்டத்தில், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குச் செல்லும் மாணவர் கவுன்சலிங் வழியாகத் தொழிற்கல்லூரியில் சேர்ந்தால், கற்பிப்புக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. சுயநிதிக் கல்லூரிகளில் இது ஆண்டுக்கு 25,000 ரூபாய். இதற்குச் சாதிப் பாகுபாடும் இல்லை, வருமான வரம்பும் இல்லை. வருமானம் கூடுதலாக இருப்பதால் தமக்குப் பொருந்தாது என்று ஒதுங்கிவிடும் விவசாயக் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன 2017 கணக்கின்படி, நான்கு ஆண்டுகளுக்கு மேனேஜ்மென்ட் இடத்தில் 3,40,000 ரூபாய் ஆகும் படிப்பு, முதல் பட்டதாரிக்குக் கவுன்சலிங் இடத்தில் 1,00,000 ரூபாயில் முடிகிறது.

இதற்கான முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பிறகு மண்டலத் துணை வட்டாட்சியர் வழங்குவார். பெற்றோர், உடன்பிறந்தோர் மட்டுமல்லாமல், இரு வழித் தாத்தா பாட்டியின் படிப்பு விவரமும் கேட்கப்படும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே இச்சலுகை என்பதால், அக்காவோ அண்ணனோ ஏற்கெனவே பெற்றிருந்தால் தம்பிக்கோ தங்கைக்கோ கிடைக்காது. கவுன்சலிங் பதிவு தொடங்கும் நாள்களில் இ-சேவை மையங்களில் கூட்டம் நெரியும். தேர்வு எழுதி முடித்த உடனேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இதைவிடப் பெரிய உரிமை உண்டு. 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்கள் தனியே ஒதுக்கப்படுகின்றன. அந்த ஒதுக்கீட்டில் சேர்வோரின் கற்பிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் ஆகியவற்றை அரசே செலுத்துகிறது. அந்தியூர், சத்தியமங்கலம் மலைக் கிராமங்களில் இருந்தும், வால்பாறை எஸ்டேட்டுகளில் இருந்தும் வரும் பிள்ளைக்குக் கோவையில் தங்கிப் படிக்கும் செலவே பெருந்தடை என்பதால், விடுதிக் கட்டணமும் இதில் அடங்கியிருப்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர்கள் இந்த 7.5 விழுக்காட்டில் வர மாட்டார்கள்.

ஆனால் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டங்களில் அவர்களுக்கும் இடமுண்டு. மாணவியருக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்றும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவை அரசு கலைக் கல்லூரியிலும் தொடங்கப்பட்டன. உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இரண்டும் பொருந்தும். பொறியியலுக்கு மட்டுமின்றிக் கலை அறிவியல், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. படிப்புகளுக்கும் இத்தொகை கிடைக்கும்.

கவுன்சலிங்கில் கல்லூரி, பாடப்பிரிவு விருப்பப் பட்டியல் நிரப்பும்போது, கொங்கு நாட்டுக்குள்ளேயே கட்டணம் குறைந்த நல்ல கல்லூரிகள் இருப்பதை மறக்க வேண்டாம்: கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, சேலம் அரசு பொறியியல் கல்லூரி, ஐ.ஆர்.டி.டி. என்று முன்பு அழைக்கப்பட்ட சித்தோட்டிலுள்ள ஈரோடு அரசு பொறியியல் கல்லூரி ஆகியவை அரசுக் கல்லூரிகள். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும் சி.ஐ.டி. எனப்படும் கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரியும் அரசு உதவி பெறுபவை; ஆனால் அவற்றில் சில பாடப்பிரிவுகள் சுயநிதிப் பிரிவுகள். பட்டியலில் பாடப்பிரிவின் பெயருக்கு அருகே எஸ்.எஸ். என்ற குறி இருந்தால் அது சுயநிதிப் பிரிவு. ஒரே வளாகத்தில் இருந்தாலும் அதன் கட்டணம் வேறு. கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்து இடத்தை உறுதி செய்துவிட்டு, கட்டணச் சீட்டைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு.

மீதித் தொகைக்கு வங்கிக் கல்விக் கடன் உண்டு. 4,00,000 ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை தேவையில்லை. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில், கவுன்சலிங் ஒதுக்கீட்டு ஆணையை இணைத்து விண்ணப்பிக்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் 4,50,000 ரூபாய்க்குள் இருந்தால், தகுதியுள்ள கல்லூரிகளில் தொழிற்படிப்புப் படிப்போருக்குப் படிப்புக் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் உரிய வட்டியை ஒன்றிய அரசு ஏற்கிறது. அதற்கான வருமானச் சான்றிதழையும் முதல் பட்டதாரிச் சான்றிதழோடு சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே அட்வான்ஸ் கட்டியவர்களும் கவுன்சலிங்கில் பதிவு செய்யலாம். வகுப்பு தொடங்குவதற்கு முன் இடத்தை விட்டு விலகினால், 1,000 ரூபாய்க்கு மேற்படாத செயலாக்கத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் விதிகள். கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்கி வையுங்கள். விலகும் முடிவை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையையும் கேட்டு வாங்குங்கள். கல்லூரி மறுத்தால், அந்த இரண்டையும் இணைத்துக் குழுமத்தின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் அளிக்கலாம்.