வெளிநாடு போக வேண்டிய படத்துக்கு எடிட் லாக் ஆகும்போதே (இனி வெட்டு மாறாது என்று முடிவாகும்போதே) செய்ய வேண்டியவை

2021-ல் ரோட்டர்டாம் விழாவில் 'கூழாங்கல்' டைகர் விருது வாங்கியது. 2024-ல் கான் விழாவில் 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' கிராண்ட் பிரி வென்றது. நம் கதைகளுக்கு வெளியே ஆள் இருக்கிறது. பல படங்கள் தடுக்கி விழுவது அதற்கு அடுத்த படியில்தான். படம் பிடித்துப்போய் வெளிநாட்டு விநியோகஸ்தர் டெலிவரி பட்டியலை, அதாவது படத்தோடு தர வேண்டிய கோப்புகள், காகிதங்களின் பட்டியலை அனுப்புவார். அதில் கேட்பவற்றில் பலவற்றை ரிலீஸுக்குப் பிறகு செய்ய உட்கார்ந்தால் செலவு பல மடங்காகும். சிலவற்றைச் செய்யவே முடியாது.

முதலில் சப்டைட்டில். நம் ஊரில் இது சென்சாருக்குப் பிறகு, கடைசி வாரத்தில், குறைந்த சம்பளத்துக்கு நடக்கும் வேலை. ஆனால் வெளிநாட்டுப் பார்வையாளருக்கு வசனகர்த்தாவே சப்டைட்டில் எழுதுபவர்தான். பொதுவான அளவு இது: ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் கூடாது, ஆங்கிலத்தில் வரிக்கு 42 எழுத்து, வாசிக்கும் வேகம் நொடிக்கு சுமார் 17 எழுத்து. இதை வைத்து ஒரு வசனத்தைப் பாருங்கள். நண்பன் ஒரு நொடியில் "சாப்டியா மச்சான்?" என்று கேட்டுவிட்டுப் போகிறான். "ஹேவ் யூ ஈட்டன், பிரதர்-இன்-லா?" என்று போட்டால் ஆங்கிலத்தில் 31 எழுத்து. கண் அதைப் படித்து முடிப்பதற்குள் ஷாட் மாறிவிடும். போதாததற்கு நண்பன் உறவுக்காரன் ஆகிவிடுவான். "ஈட்டன் யெட்?" போதும், 10 எழுத்து. அவர்கள் நண்பர்கள் என்பதை நடிகரின் முகமே சொல்லிவிடும்.

இதைவிடக் கடினம் 'நீ', 'நீங்க'. படம் முழுக்க ஒருவரை "நீங்க" என்றே அழைத்த பெண் கடைசியில் "நீ போ" என்கிறாள். தமிழில் அந்த ஓரெழுத்துதான் உச்சக்கட்டம். ஆங்கிலத்தில் இரண்டுமே 'யூ'. ஆகவே முதல் காட்சியிலிருந்தே அவள் பேச்சில் 'சார்' என்றோ பணிவான வாக்கியமாகவோ விதைத்துவர வேண்டும். அப்போதுதான் கடைசியில் வெறும் 'கோ' என்று வரும்போது அடி விழும். முழுப் படத்தையும் இரண்டு முறை பார்க்காதவரால் இதைச் செய்ய முடியாது. ரீல் ரீலாகப் பிரித்து மூன்று பேருக்குக் கொடுப்பதை தயவுசெய்து நிறுத்துங்கள். பிரெஞ்சு, ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு பிழை இருந்தால் அது அத்தனை மொழிக்கும் போகும். எனவே ஸ்கிரிப்டில் எழுதியதை அல்ல, நடிகர் வாயால் சொன்னதை டைம்கோடு (படத்தில் அது வரும் துல்லியமான நேரம்), பேசுபவர் பெயர், வட்டார வழக்குக்கான விளக்கம் ஆகியவற்றோடு எழுதி வையுங்கள். பாட்டு வரிகளையும் விடாதீர்கள். பாட்டில்தான் நாம் பாதிக் கதையைச் சொல்கிறோம்.

சப்டைட்டில் வசனத்தோடு பொருந்தாமல் விலகிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஃபிரேம் வேகம், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் ஓடுகிறது என்பது. 23.976-ல் எடுத்த கோப்பைப் பார்த்து டைம் செய்து, 24-ல் ஓடும் டிசிபியில் (திரையரங்குக்குப் போகும் டிஜிட்டல் பிரதியில்) போட்டால் மணிக்கு 3.6 நொடி விலகும். இரண்டரை மணி நேரப் படத்தின் முடிவில் 9 நொடி. முதல் பத்து நிமிடம் மட்டும் சரிபார்த்தால் இது கண்ணில் படாது. கடைசி ரீலைப் பாருங்கள். எழுத்தைப் படத்திலேயே பதித்தும் விடாதீர்கள். தனிக் கோப்பாக இருந்தால்தான் அதே படத்துக்கு வேறு மொழியை மாற்றிப் போட முடியும்.

அதே காரணத்துக்காகத்தான் டெக்ஸ்ட்லெஸ் மாஸ்டர் கேட்கிறார்கள்: டைட்டில், ஊர்ப் பெயர், திரையில் தெரியும் செல்போன் மெசேஜ் எதுவும் பதியாத சுத்தமான பிரதி. புகைபிடிக்கும் காட்சியில் மூலையில் வரும் எச்சரிக்கை இந்தியத் திரையரங்குக்குக் கட்டாயம். வெளிநாட்டுப் பிரதியில் அதற்கு வேலையில்லை. டிஐ (நிறம் சரிசெய்யும் வேலை) முடித்த கையோடு, அது இல்லாத பிரதி ஒன்றையும் வாங்கிவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கை அழித்த பிறகு கேட்டால் கிடைக்காது.

வேற்று மொழியில் டப்பிங் செய்ய எம் அண்ட் இ (மியூசிக் அண்ட் எஃபெக்ட்ஸ்) டிராக் வேண்டும்: வசனம் நீங்கி, இசையும் மற்ற ஒலிகளும் மட்டும். ஸ்டூடியோவில் டப்பிங் பேசிய படத்துக்கு இது ஓரளவு எளிது. சிங்க் சவுண்டில், அதாவது ஷூட்டிங்கிலேயே வசனத்தைப் பதிவுசெய்து எடுத்த படத்தில்தான் சிக்கல். வசனத்தை மியூட் செய்தால் கொலுசுச் சத்தமும் பாத்திரம் உரசும் சத்தமும் சேர்ந்து போய்விடும். அந்த ஓட்டைகளை ஃபோலியால், அதாவது ஸ்டூடியோவில் அந்தச் சத்தங்களை மறுபடி உருவாக்கிப் பதிவுசெய்து நிரப்ப வேண்டும். ஃபைனல் மிக்ஸ் நடக்கும் அதே நாட்களில், அதே செஷனில் செய்வதுதான் மலிவு. முடித்தபின் வசனமில்லாமல் முழுப் படத்தையும் ஒருமுறை கேளுங்கள். எங்காவது ஒரு மனிதன் சத்தமே இல்லாமல் நடந்தால் தரப் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

காகிதம்தான் எல்லாவற்றிலும் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது. பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 19-ஆம் பிரிவைப் படியுங்கள். உரிமை எழுதி வாங்கும்போது எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் அது இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் கொள்ளப்படும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தே ஆண்டு. கதை வாங்கிய பத்திரத்தில் 'உலகம் முழுமைக்கும்' என்ற சொல் விடுபட்டிருந்தால், வெளிநாட்டு வழக்கறிஞர் முதலில் அதில்தான் கை வைப்பார். டீக்கடைக் காட்சியில் ரேடியோவில் ஓடும் பழைய பாட்டுக்கும் இதே கதைதான். இந்தியாவுக்கு மட்டும் அனுமதி வாங்கியிருந்தால், வெளிநாட்டுப் பிரதிக்கு அந்த இடத்தில் வேறு பாட்டு போட வேண்டும். பாட்டு வசனத்தோடு சேர்ந்தே பதிவாகியிருந்தால் அதுவும் முடியாது. ஷூட்டிங்கில் ரேடியோவை அணைத்துவிட்டு எடுங்கள். பாட்டை மிக்ஸிங்கில் சேர்த்துக்கொள்ளலாம்.