வாய்க்குள் ஒரு நீல விளக்கு

அறை விளக்கை அணைத்துவிட்டு, திறந்த வாய்க்குள் ஊதாநீல ஒளியைப் பாய்ச்சினால் கன்னத்தின் உட்புறம் வெளிர்பச்சையாக ஒளிரும். சாயம் எதுவும் பூசத் தேவையில்லை, சதையே ஒளிர்கிறது. ஆனால் வெறும் கண்ணுக்கு இது எட்டாது. சதையில் பட்டுத் திரும்பும் நீலம் அந்த மெல்லிய பச்சையை மூழ்கடித்துவிடும். நீலத்தைத் தடுத்துப் பச்சையையும் சிவப்பையும் விடும் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். வாய்ப்புற்று இருக்கிறதா என்று பார்க்கிற மருத்துவர் தேடுவதோ, பச்சைக்கு நடுவே எங்காவது கறுப்பாகத் திட்டு விழுந்திருக்கிறதா என்று.

ரூபாய் நோட்டைப் புறஊதா விளக்கில் காட்டினால் எண்கள் பளிச்சிடுமே, அதே தத்துவம்தான். சில மூலக்கூறுகள் ஓர் அலைநீளத்தில் ஒளியை வாங்கி, அதைவிட நீண்ட அலைநீளத்தில் திருப்பித் தரும். வாய்ச் சதையில் இந்த வேலையைச் செய்பவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, மேலடுக்குச் செல்களுக்குக் கீழே வலைபோல் பரந்திருக்கும் கொலாஜன் என்ற புரதம். மற்றது, செல்லுக்குள் ஆற்றல் உற்பத்தியில் பங்குபெறும் எஃப்ஏடி என்ற பொருள். 400 முதல் 460 நானோமீட்டர் வரையிலான ஒளி பட்டால் இவை பச்சையாக ஒளிரும்.

செல்கள் புற்றை நோக்கித் திரும்பும்போது இந்த ஏற்பாடு பல முனைகளில் கெடுகிறது. கீழே உள்ள கொலாஜன் வலை அரிக்கப்படுகிறது. செல்லின் ஆற்றல் கணக்கு மாறி எஃப்ஏடியின் ஒளிர்வு குறைகிறது. மேலடுக்கு தடித்து, உட்கருக்கள் பெருத்து, ஒளியைக் கண்டபடி சிதறடிக்கின்றன. போதாக்குறைக்குப் புதிய ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. ஹீமோகுளோபினோ 420 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை ஆவலோடு விழுங்கும். எல்லாமாகச் சேர்ந்து அந்த இடம் இருண்டு போகிறது. அங்கே கண்ணுக்குப் புண்ணோ கட்டியோ தெரிய வேண்டும் என்றுகூட இல்லை.

கேட்க அழகாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ரத்தம் கூடினாலே அந்த இடம் கறுக்கும். கூர்மையான பல் உரசிய புண், சாதாரண அழற்சி எல்லாம் இருட்டாகவே தெரியும். கண்ணாடித் துண்டால் மெல்ல அழுத்திப் பார்ப்பது ஒரு பழைய உத்தி: ரத்தம் விலகியதும் பச்சை திரும்பினால் பெரும்பாலும் அழற்சி. நம்மில் பலருக்கு ஈறும் கன்னமும் இயல்பாகவே கருத்திருக்கும், அந்த மெலனினும் ஒளியை விழுங்கும். நாக்கின் மேல் சில பாக்டீரியாக்கள் சிவப்பாக ஒளிர்ந்து வேறு பயமுறுத்தும். பாக்கு மெல்பவர்களுக்கு வாய் இறுகித் திறக்க முடியாமல் போகும் நோயிலோ கொலாஜன் மிகுந்துவிடுவதால், ஒளிர்வின் கணக்கே வேறு.

அதனால் பச்சை ஒளிர்வை மட்டும் நம்பாமல் வேறு ஒளிகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். திருவனந்தபுரத்தில் உருவான ஓரல்ஸ்கேன் என்ற கையடக்கக் கருவி, ஒளிர்வோடு சதையிலிருந்து சிதறித் திரும்பும் ஒளியையும் பதிவு செய்கிறது. ஆக்சிஜன் ஏற்ற ரத்தம் 545, 575 நானோமீட்டர்களுக்கு அருகே ஒளியை அதிகம் உறிஞ்சும். அந்த இரண்டு இடங்களிலும் திரும்பி வரும் ஒளியை ஒப்பிட்டால், ரத்த ஓட்டத்தில் நேர்ந்திருக்கும் மாற்றம் எண்ணாகவே கிடைத்துவிடும். கண் மருத்துவர்கள் விழித்திரையைப் பார்க்கப் பயன்படுத்தும் ஓசிடி என்ற ஒளிப்பட முறையையும் வாய்க்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அது அகச்சிவப்பு ஒளியால் 1 அல்லது 2 மில்லிமீட்டர் ஆழம் வரை சதையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும். அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகமும் பெங்களூரு மருத்துவர்களும் சேர்ந்து, ஸ்மார்ட்போனில் 405 நானோமீட்டர் எல்இடிகளைப் பொருத்தி, படத்தைக் கணினியே தரம் பிரிக்கும் கருவியைச் செய்து 2018-இல் வெளியிட்டார்கள். மருத்துவர் இல்லாத ஊரில் சுகாதாரப் பணியாளர் படமெடுத்து அனுப்பினால் போதும் என்பது நோக்கம்.

உற்சாகத்துக்குக் கொஞ்சம் கடிவாளம் போட வேண்டிய கதையும் உண்டு. கனடாவின் வான்கூவரில் 2006-இல் வாய்ப்புற்றுக் கட்டிகள் 20-ஐ இந்த ஒளியில் பார்த்தபோது, 19-இல் இருட்டு, கண்ணுக்குத் தெரிந்த கட்டியின் விளிம்பைத் தாண்டிப் பரவியிருந்தது. சிலவற்றில் 25 மில்லிமீட்டர் வரை. அப்படியானால் இருட்டு முடியும் இடம்வரை வெட்டி எடுத்தால் நோய் திரும்பாதே? அதே நாட்டில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். 2020-இல் முடிவு வந்தது: வழக்கமான அறுவை சிகிச்சையைவிட நோய் திரும்புவது குறையவில்லை. ஒளி காட்டுவது உண்மை என்றாலும், அதை வைத்து எடுக்கிற முடிவையும் தனியாகச் சோதித்தே ஆக வேண்டியிருக்கிறது.

மறுபக்கம், எந்த விசேஷக் கருவியும் இல்லாமல் நல்ல வெளிச்சத்தில் கண்ணால் பார்ப்பதே எவ்வளவு தரும் என்பதும் தெரியும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்தது. இந்தியாவில் ஆண்டுக்கு 1 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் புதிதாக வருகிற நோய் இது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலில் யாராவது வாயைத் திறந்து பார்த்தால்தான் விளக்குக்கே வேலை.

சரி, அப்புறம் எதற்கு இந்த விளக்கு? புற்றா இல்லையா என்று தீர்மானிப்பது இன்றும் பயாப்சிதான். சிறு துண்டு சதையை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கன்னத்தில் 4 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெண்படலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் எல்லா இடமும் ஒரே மாதிரி மோசமாக இருக்காது. நல்ல மூலையிலிருந்து துண்டு எடுத்துவிட்டால் அறிக்கை நல்லதாக வரும், கெட்டது உள்ளேயே இருக்கும். பச்சைக்கு நடுவே எந்த ஓரம் மிக இருண்டிருக்கிறதோ, அங்கே கத்தியை வைக்கச் சொல்வதில் இந்த நீல ஒளி மருத்துவருக்கு உதவுகிறது.