பாவம் ஓரிடம், பழி ஓரிடம்: டிவி அலமாரிக்குள் ஒரு லினக்ஸ் பெட்டி

"அண்ணா, லினக்ஸ் நமக்குச் சரிப்பட்டு வராது. பழையபடி விண்டோஸே போட்டுக் கொடுத்துடுங்க."

ஹாலில் டிவியோடு இணைத்து கேம் ஆடுவதற்கென்று வாங்கிய சின்ன கம்ப்யூட்டரை மேசைமேல் வைத்துவிட்டு, அந்தத் தம்பி சொன்ன முதல் வார்த்தை இது. மூன்று தடவை எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவிப் பார்த்துவிட்டாராம். ஒவ்வொரு தடவையும் முதல் பத்து நிமிடம் கேம் அருமையாக ஓடும். அப்புறம் திக்கித் திக்கி நகரும். சில நாள் படம் அப்படியே உறைந்து நின்றுவிடும்.

பத்து நிமிடம் என்றதுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடேறிய பிறகு தடுமாறுகிற பெட்டியில் நான் முதலில் தேடுவது வெப்பத்தைத்தான்.

திருகுகளைக் கழற்றித் திறந்தேன். ஃபேனுக்கும், சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றுகிற ஹீட்சிங்கின் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துணி போலப் படர்ந்திருந்தது. ஓரத்தை விரலால் பிடித்து இழுத்தபோது முழுத்துண்டாக உரிந்து வந்தது. ஹீட்சிங்கை எடுத்துப் பார்த்தால், சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. "இதை எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டேன். "டிவிக்குக் கீழே அலமாரியில். தூசி போகக்கூடாதுன்னு கதவை மூடியே வைப்போம்."

சுத்தம் செய்து, புது பேஸ்ட் வைத்து மூடினேன். அவர் நிறுவியிருந்த லினக்ஸில் ஒரு கோப்பைக்கூட மாற்றவில்லை. மேசைமேல் இரண்டு மணி நேரம் அவர் ஆடுகிற அதே கேம் ஓடியது. ஒரு திக்கல் இல்லை.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். ஹாலில் வைக்கிற லினக்ஸ் கேமிங் கம்ப்யூட்டர்களின் கதையே ஆரம்பத்திலிருந்து இப்படித்தான் போகிறது. முதல் தடவை பழி வேறு திசையில் விழுந்தது, அவ்வளவுதான்.

ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையை நடத்துகிற வால்வ் நிறுவனம் 2013 செப்டம்பரில் ஸ்டீம்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும், அது ஓடுகிற ஸ்டீம் மெஷின் என்ற பெட்டிகளையும் அறிவித்தது. அந்த டிசம்பரிலேயே 300 மாதிரிப் பெட்டிகள் சோதனையாளர்களுக்குப் போயின. 2014 ஜனவரியில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் பெட்டிகளைக் காட்டின. கடைசியில் விற்பனைக்கு வந்தது 2015 நவம்பரில். 2018-இல் ஸ்டீம் கடையின் முகப்பிலிருந்தே அந்தப் பிரிவு சத்தமில்லாமல் எடுக்கப்பட்டது.

அந்தப் பெட்டிகள் ஓட்டை உடைசல் இல்லை. நல்ல பிராசஸர், நல்ல கிராபிக்ஸ் கார்டு, அடக்கமான வடிவம் என்று பல நன்றாகவே இருந்தன. குறை இருந்தது அவற்றில் ஓட வேண்டிய கேம்களில். அப்போது லினக்ஸுக்கென்றே தனியாக எழுதப்பட்ட கேம்கள் மட்டும்தான் ஓடும். பெரிய பெயர்கள் பலவும் அந்தப் பட்டியலில் இல்லை. லினக்ஸுக்கு வந்தவற்றிலும் பல, அதே பெட்டியில் விண்டோஸ் போட்டால் ஓடியதைவிட மெதுவாக ஓடின. அப்படியிருக்க ஸ்டீம்ஓஎஸ் பெட்டியை யார் வாங்குவார்கள்? போதாக்குறைக்கு ஆளுக்கொரு வடிவம், ஆளுக்கொரு உள்ளடக்கம், ஆளுக்கொரு விலை. எந்தப் பெட்டியில் எந்த கேம் எப்படி ஓடும் என்று ஒரே வரியில் பதில் சொல்ல ஆளில்லை. ஆனாலும் வெளியே பரவிய பேச்சு, "ஸ்டீம் மெஷின் என்ற பெட்டி தோற்றுவிட்டது" என்பதுதான்.

வால்வ் அந்தப் பேச்சை நம்பாததுதான் நல்லதாகப் போயிற்று. பெட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு மென்பொருளில் உட்கார்ந்தார்கள். 2018 ஆகஸ்டில், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டுகிற புரோட்டான் வந்தது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டுவதற்காக 1993-இலிருந்து வளர்ந்து வருகிற வைன் அதன் அடித்தளம். விண்டோஸ் கேம்கள் மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் முறையில் கேட்கிற வரைகலை வேலையை, லினக்ஸிலும் ஓடுகிற வல்கன் என்ற முறைக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கிற டிஎக்ஸ்விகே அதற்குள் சேர்ந்துகொண்டது. கேம் எழுதியவர் லினக்ஸுக்கென்று தனியாக உழைக்காமலே ஆயிரக்கணக்கான கேம்கள் ஓடத் தொடங்கின. 2022 பிப்ரவரியில் வால்வின் கையடக்க கேமிங் கருவியான ஸ்டீம் டெக் வந்து அதைக் கையில் வைத்துக் காட்டியது. 2025 நவம்பரில் புதிய ஸ்டீம் மெஷினை அறிவித்தபோது, 2015-இல் இல்லாதிருந்த அந்த ஒன்று கையில் இருந்தது.

இப்போது மென்பொருள் பெருமளவு தேறிவிட்டது. ஆனால் என் மேசைக்கு வருகிறவர்கள் வெப்பத்தின் வேலையை லினக்ஸின் தலையில் கட்டுகிறார்கள்.

அந்தப் புதிய பெட்டியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு ஏறக்குறைய ஆறு அங்குலம் உள்ள கனசதுரம். பிராசஸருக்கு 30 வாட், கிராபிக்ஸ் சிப்புக்கு 110 வாட் வரை என்கிறது அறிவிப்பு. மொத்தம் 140 வாட். பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, அதை டிவி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவோமா? மாட்டோம். ஆனால் அதைவிட அதிகமாகச் சூடு கக்குகிற பெட்டியை உள்ளே வைத்து மூடிவிடுகிறோம். உள்ளே இருக்கும் காற்றையே ஃபேன் திரும்பத் திரும்ப இழுத்துத் தள்ளுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் காற்று இன்னும் கொஞ்சம் சூடேறுகிறது.

இதே பாடத்தை மைக்ரோசாஃப்ட் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2005-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 பலரது வீட்டில் மூன்று சிவப்பு விளக்குகளைக் காட்டி நின்றுபோனது. 2007 ஜூலையில் அந்தக் கோளாறுக்கான உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டி, அதற்காக நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. சூடேறுவதும் ஆறுவதுமாக மாறி மாறி நடக்கும்போது உலோக இணைப்புகள் விரிந்து சுருங்கி விரிசல் விட்டதுதான் முக்கியக் காரணம். அந்தக் காலத்தில் சிலர் பெட்டியைத் துண்டால் சுற்றி வேண்டுமென்றே சூடேற்றி உயிர்ப்பித்தார்கள். கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் மொத்தமாகப் போகும். இன்றும் அந்த யோசனையோடு யாராவது வந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். தீப்பிடிக்கிற ஆபத்து வேறு.

அந்தப் பிழை வடிவமைப்பில் இருந்தது, நம்முடையது பெட்டியை வைக்கிற இடத்தில். பெட்டியைத் திறந்த தட்டில் வையுங்கள். காற்று உள்ளே போகிற பக்கமும் வெளியேறுகிற பக்கமும் எதுவென்று தெரிந்துகொண்டு, இரண்டுக்கும் முன்னால் ஒரு கை அகலமாவது இடம் விடுங்கள். கம்பளத்தின் மேல் வைக்காதீர்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை அணைத்து, மின்இணைப்பை எடுத்துவிட்டு, ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். பிடிக்காமல் அடித்தால் ஃபேன் தாறுமாறாகச் சுழன்று அதன் பேரிங் கெடும்.

வெப்பம்தானா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கேம் ஓடும்போதே திரையின் மூலையில் எண்களைக் காட்டுகிற மாங்கோஹட் ஸ்டீம்ஓஎஸ்ஸில் ஏற்கெனவே இருக்கிறது. வலப்பக்க மெனுவில் செயல்திறன் பகுதிக்குப் போய் அளவைக் கூட்டினால் வெப்பமும், சிப் வேலை செய்கிற வேகமான கடிகார வேகமும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். டெஸ்க்டாப் சிப்புகளில் சில 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை என்பதால் வெப்ப எண்ணை மட்டும் பார்த்துப் பயந்துவிடக்கூடாது. வெப்பம் ஏறி உச்சியில் நிற்க, அதே நேரம் கடிகார வேகம் சரிந்தால், சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது என்று பொருள். அலமாரிக் கதவைத் திறந்துவிட்டு இன்னொரு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். எண்கள் இறங்கினால் வேறு சாட்சி தேவையில்லை.

முழுதாக உறைந்துபோகிற பெட்டிக்கு இன்னொரு சாட்சி உண்டு. மறுபடி இயக்கியதும், கட்டளைகளைத் தட்டச்சு செய்கிற டெர்மினலில் 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையால் முந்தைய ஓட்டத்தின் பதிவைப் படிக்கலாம். கடைசி வரிகளில் கிராபிக்ஸ் டிரைவர் ரீசெட் ஆனதாக வந்தால் டிரைவர், கார்டு இரண்டையும் விசாரிக்க வேண்டும். 'மெஷின் செக்' என்றிருந்தால் வன்பொருளின் பக்கம் திரும்புங்கள். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பதிவு பாதியில் அறுந்திருந்தால் நான் முதலில் பார்ப்பது வெப்பத்தையும் பவர் சப்ளையையும். அப்புறம் ரேம். சொந்தமாகப் பெட்டி கட்டியவர்கள் பயாஸ் என்ற தொடக்க அமைப்புத் திரையில் எக்ஸ்போ, எக்ஸ்எம்பி என்று ரேமின் வேகத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். அதை அணைத்துவிட்டு, ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் நிரலை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டால் உண்மை வெளியே வந்துவிடும்.

இதையெல்லாம் பார்க்காமல் மறுநிறுவல் செய்வது வீண்வேலை. ஸ்டீம்ஓஎஸ்ஸின் அடிப்படைக் கோப்புகள் சாதாரணமாக எழுத முடியாதபடி பூட்டப்பட்டவை. வட்டில் இரண்டு பிரதிகளாக இருப்பதால், புதுப்பிப்பு ஒன்று கெட்டுப்போனால் முந்தைய பிரதிக்குத் திரும்பலாம். ஃபெடோரா லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட பஸைட் என்ற கேமிங் லினக்ஸும் இதே போக்கில் அமைந்ததுதான். தானாகச் சிதைகிற வாய்ப்பு குறைவாக உள்ள ஒன்றை அழித்து அழித்து எழுதினால் என்ன கிடைக்கும்?

லினக்ஸின் மேல் நியாயமாகவே விழ வேண்டிய பழியும் இருக்கிறது. அதை நான் மறைக்க மாட்டேன். பலர் சேர்ந்து ஆடுகிற இணைய கேம்களில் ஏமாற்றுவோரைப் பிடிக்கிற ஆன்டி-சீட் மென்பொருள்தான் இன்றைய பெரிய சுவர். ஈஸி ஆன்டி-சீட்டும் பேட்டில்ஐயும் 2021-இலிருந்து புரோட்டானில் ஓடும், ஆனால் கேமை நடத்துகிற நிறுவனம் அனுமதித்தால்தான். ஃபோர்ட்நைட், வாலரன்ட் இரண்டும் ஓடாது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸும் 2024 இறுதியில் லினக்ஸுக்குக் கதவை மூடியது. ஆகவே வாங்குவதற்கு முன்னால், வீட்டில் உண்மையிலேயே ஆடுகிற கேம்களின் பெயர்களைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றையும், எந்த கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று ஆடுபவர்களே எழுதுகிற புரோட்டான்டிபி தளத்தில் தேடிப் பாருங்கள். பிள்ளை தினமும் ஆடுவது அந்த ஒரு கேம்தான், அது ஓடாது என்றால் வாங்காதீர்கள். 2015-இல் பெட்டியைப் பார்த்து மயங்கியவர்கள் செய்யாமல் விட்ட வேலை இதுதான்.

டிவி இணைப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. லினக்ஸின் திறந்த மூல டிரைவரில் டிவி கேபிள் இணைப்பின் 2.1 தரமான எச்டிஎம்ஐ 2.1-ஐச் சேர்க்க கிராபிக்ஸ் சிப் நிறுவனமான ஏஎம்டி முயன்றபோது, அந்தத் தரத்தை வகுக்கிற எச்டிஎம்ஐ அமைப்பு ஒப்புக்கொள்ளவில்லை என்ற செய்தி 2024 தொடக்கத்தில் வெளியானது. 4கே-யில் நொடிக்கு 120 படங்கள் என்று எதிர்பார்த்து டிவி வாங்கியவர்கள் ஏஎம்டி கார்டுள்ள பெட்டியை எடுக்குமுன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள். 60 போதும் என்பவர்களுக்குக் கவலையில்லை.

அந்தத் தம்பி இரண்டு மாதம் கழித்து வேறு வேலையாக வந்தார். அலமாரியின் பின்பலகையைக் கழற்றிவிட்டாராம், கதவு இப்போது திறந்தே இருக்கிறதாம். பெட்டியில் அதே பழைய லினக்ஸ்தான் ஓடுகிறது.