கள் குடித்த லாரிகள்

1950இல் ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 'அமெரிக்கன் கெரில்லா இன் த பிலிப்பைன்ஸ்' படத்தில், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பிடித்துவைத்திருக்கும் தீவுகளில் மாட்டிக்கொண்ட கடற்படைக்காரராக டைரோன் பவர் வருவார். இந்த மாதிரிப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு அற்பச் சந்தேகம் வரும்: இவர்களுக்கு பெட்ரோல் எங்கிருந்து வருகிறது?

பிலிப்பைன்ஸில் அதற்கு பதில், தென்னை மரம்.

1942 மே மாதம், மணிலா விரிகுடா வாயிலில் அமெரிக்கர்கள் வைத்திருந்த கொரெஹிடோர் தீவுக்கோட்டை ஜப்பானியரிடம் விழுந்ததும் அமெரிக்கக் கப்பல்கள் நின்றுபோயின. மிண்டனாவோ தீவில் சரணடைய மறுத்துக் கெரில்லாப் படை திரட்டிய வெண்டல் ஃபெர்ட்டிக் தொழில்முறையில் ஒரு பொறியாளர். அவருடைய ஆட்கள் கையில் லாரி இருந்தது, எரிபொருள் இல்லை. ஆனால் பாளை சீவி இறக்கும் கள்ளுக்குப் பஞ்சமே இல்லை. அங்கே அதன் பெயர் 'தூபா'.

பாளையிலிருந்து சொட்டும் பதநீரில் ஏறக்குறைய 15 சதவீதம் சர்க்கரை. காற்றிலும் பானையிலும் இருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று ஆல்கஹாலாக்கிவிடும். ஆனாலும் கள்ளில் ஆல்கஹால் ஏழெட்டு சதவீதத்தைத் தாண்டுவது கஷ்டம், மிச்சமெல்லாம் தண்ணீர். அதை அப்படியே டாங்கில் ஊற்றினால் என்ஜின் முனகக்கூடச் செய்யாது. எனவே காய்ச்ச வேண்டும். ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100இல். முதலில் எழும் ஆவியில் ஆல்கஹால் கூடுதலாக இருக்கும். குழாயில் குளிரவைத்துப் பிடித்தால் சாராயம். குடிக்க அது போதும், வண்டிக்குப் போதாது. திரும்பத் திரும்ப வடித்து 90 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவர வேண்டும். எத்தனை முறை வடித்தாலும் 95, 96க்கு மேல் போகாது. அந்த அளவில் நீரும் ஆல்கஹாலும் ஒரே விகிதத்தில் சேர்ந்தே ஆவியாகும். நல்லவேளையாக, மிஞ்சிய அந்தத் தண்ணீரை என்ஜின் பொறுத்துக்கொள்ளும்.

அப்புறம், காற்றையும் எரிபொருளையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 15 கிலோ காற்று வேண்டும். ஆல்கஹாலுக்கு ஒன்பதே போதும், ஏனென்றால் அதன் மூலக்கூறுக்குள்ளேயே கொஞ்சம் ஆக்சிஜன் உண்டு. அதாவது, உறிஞ்சும் அதே காற்றுக்கு எரிபொருள் ஒன்றரை மடங்குக்கு மேல் போக வேண்டும். கார்புரேட்டரில் ஜெட் எனப்படும் சின்னத் துளையைப் பெரிதாக்காவிட்டால் வண்டி திக்கும். லிட்டருக்குக் கிடைக்கும் சக்தியும் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆவியாவதற்கு ஆல்கஹால் நிறைய வெப்பத்தைக் கேட்பதால், குளிர்நாட்டில் காலையில் ஸ்டார்ட் செய்யவே உயிர் போகும். மிண்டனாவோ வெயிலில் அந்தத் தொல்லை குறைவு.

டீசல் என்ஜின்களுக்குத் தேங்காய் எண்ணெய். போருக்கு முன் பிலிப்பைன்ஸ் கொப்பரையின் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் கப்பலேறியது. அந்த வழி அடைபட்டதும் தேங்காய்க்கு வேறு வேலை கிடைத்தது. டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி வேண்டாம். காற்றை அமுக்கி அமுக்கி 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். எந்த எண்ணெய் என்பதில் அதற்குப் பெரிய பிடிவாதம் கிடையாது. 1900 பாரிஸ் கண்காட்சியிலேயே கடலை எண்ணெயில் ஒரு டீசல் என்ஜினை ஓட்டிக்காட்டினார்கள். தேங்காய் எண்ணெயின் சிக்கல் அதன் கெட்டித்தன்மை: சாதாரண வெப்பத்தில் டீசலைப் போலப் பத்து மடங்கு. மார்கழிக் காலையில் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, 24, 25 டிகிரிக்குக் கீழே அது உறைந்தேவிடும். சூடேற்றாமல் ஊற்றினால் சரியாகத் தூவப்படாது, எண்ணெயைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் முனையில் கரி படியும். ஆளிவிதை எண்ணெய் மாதிரி பிசினாக இறுகாது என்பது இதன் நல்ல குணம்.

இந்த எரிபொருளில் லாரியைவிட முக்கியமாக ஓட வேண்டியது பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஜெனரேட்டர். பாட்டரி செத்தால் ரேடியோ செத்தது. ரேடியோ இல்லையென்றால் இப்படியொரு படை இருப்பதே ஆஸ்திரேலியாவில் இருந்த அமெரிக்கத் தளபதி மெக்கார்தருக்குத் தெரியாது. மிண்டனாவோ கெரில்லாக்களின் முதல் டிரான்ஸ்மிட்டரைச் செய்தவர், அஞ்சல்வழிப் பாடத்தில் ரேடியோ படித்த ஓர் உள்ளூர் இளைஞர். பழைய ரேடியோப் பெட்டிகளோடு, பேசும்படம் காட்டும் புரொஜெக்டரின் பாகங்களையும் கழற்றிச் சேர்த்திருந்தார். 1943 தொடக்கத்தில் அந்தக் கருவி தட்டிய மோர்ஸ் ஒலி பசிபிக்கைத் தாண்டி சான் பிரான்சிஸ்கோவில் கேட்டது.