சீஸ்ரிங்: யாரும் அடுக்காத கல்லடுக்கு

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால். அங்கே பாட்மின் மூர் என்ற காற்றடிக்கும் மேட்டுப் புல்வெளி. அதில் ஸ்டோவ்ஸ் குன்றின் விளிம்பில் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு கல்லடுக்கு நிற்கிறது. தடித்த ஊத்தப்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டதுபோல் கருங்கல் பலகைகள். அடியில் சின்னவை, மேலே பெரியவை! பெயர் சீஸ்ரிங். ஆப்பிள் சாறு பிழிய, கூழை அடுக்கடுக்காக வைத்து நெருக்கும் செக்கைப் போல இருப்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள்.

யார் இதைத் தூக்கி வைத்தது? ஒருவரும் இல்லை. இந்தப் பலகைகள் மேலே ஏறவில்லை. சுற்றி இருந்தவைதான் போய்விட்டன.

சுமார் 29 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கடியில் கற்குழம்பு மெல்லக் குளிர்ந்து கிரானைட்டாக இறுகியது. இறுகும்போது சுருங்கியதில் செங்குத்து விரிசல்கள் விழுந்தன. பிறகு மேலே மூடியிருந்த பாறை அரித்துப்போகப் போக பாரம் குறைந்தது. அமுக்கம் விட்ட கிரானைட் உப்பிக்கொடுத்ததில் தரைக்கு இணையாகப் படுக்கை விரிசல்களும் விட்டன. ஆக, பலகைகள் மண்ணுக்குள்ளேயே அறுபட்டுவிட்டன.

அந்த விரிசல்களில் மழைநீர் இறங்கியது. லேசாக அமிலத்தன்மை உள்ள நீர், கிரானைட்டில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தை வெண்களிமண்ணாக மாற்றிவிடும். அதிலுள்ள இன்னொரு கனிமமான குவார்ட்ஸின் மணிகள் கரையாது. ஆனால் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் உதிர்ந்துவிடும். கையில் எடுத்து நசுக்கினால் பொலபொலவென்று கொட்டும் இந்தச் சரளைக்குக் கார்ன்வாலில் ‘குரோவன்’ என்று பெயர். மூலைகளை நீர் மூன்று பக்கமும் தாக்குவதால் அவை முதலில் மழுங்கும், கட்டை உருண்டையாகும். மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டையும் இப்படி உருண்டதுதான்.

அடுத்த வேலை பனியுகத்துடையது. பனிப்பாளம் இவ்வளவு தெற்கே வரவில்லை, ஆனால் நிலம் ஆழம்வரை உறைந்து கிடந்தது. கோடையில் மேல்மண் மட்டும் இளகி, கூழாகச் சரிவில் வழிந்தது. குரோவனெல்லாம் அதோடு போயிற்று. உளுக்காத கட்டைகள் நின்றன. ஆழமாக உளுத்தது முந்தைய வெப்பக் காலத்தில் என்று 1955-ல் புவியியலாளர் டேவிட் லிண்டன் விளக்கினார். உறைபனியே போதும் என்று பின்னால் வந்தவர்கள் வாதாடினார்கள். எனக்கு இரண்டும் கைகோத்திருக்கும் என்றே படுகிறது. அடிப்பக்கம் மெலிந்ததற்கும் காரணம் ஈரம்தான்: வெளியே தலைநீட்டிய பாறை மழை விட்டதும் காய்ந்துவிடும், மண்ணோடு ஒட்டிய பாறை ஊறிக்கொண்டே இருக்கும்.

சந்தேகம் இருந்தால் பக்கத்துக் கல்குவாரியைப் பாருங்கள். குன்றை வெட்டிய முகத்தில் அதே படுக்கை விரிசல்கள் உள்ளே நீண்டு போகின்றன. இன்னும் பிரியாத சீஸ்ரிங்குகள் அங்கே படுத்திருக்கின்றன.

குன்றுப் பாறைகளின் உச்சியில் வட்டமான கிண்ணக் குழிகளும் உண்டு. அவை பழைய பிரிட்டனின் துரூயிதுப் பூசாரிகள் மழைநீர் பிடிக்கச் செதுக்கியவை என்று பழம்பொருள் ஆய்வாளர் வில்லியம் போர்லேஸ் 1754-ல் எழுதினார். உண்மையில், சிறு பள்ளத்தில் தேங்கிய நீர் உறைந்து உருகி, கல்லின் மணிகளைக் கிளப்ப, காற்று அவற்றை வாரிக்கொண்டு போகிறது. பள்ளம் பெரிதானால் தண்ணீர் இன்னும் அதிகம் நிற்கும், அரிப்பும் அதிகமாகும்.

இனிதான் வேடிக்கை. தெற்கே ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் மினியன்ஸ் என்ற ஊர் (சினிமாவில் வரும் மஞ்சள் பொம்மைகளுக்குச் சம்பந்தமில்லை). ஊரோரம் ‘ஹர்லர்ஸ்’ என்ற மூன்று கல்வட்டங்கள், ஏறக்குறைய ஒரே வரிசையில். வயது சுமார் 4,000 ஆண்டுகள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகாமல் பந்து விளையாடியவர்களைக் கடவுள் கல்லாக்கிவிட்டார் என்பது ஊர்க்கதை. இயற்கை செய்ததைப் பூசாரியின் வேலை என்றவர்கள், மனிதர் செய்ததைத் தெய்வத்தின் வேலை என்றார்கள்.

1930-களில் தோண்டிப் பார்த்தபோது மனிதக் கை அப்பட்டமாகத் தெரிந்தது. கற்களைக் கொத்திச் சமன் செய்திருந்தார்கள். கொத்திய சில்லுகள் நடுவட்டத்தின் தரையில் பரவிக் கிடந்தன. வட்டங்களுக்கிடையே குவார்ட்ஸ் பாவிய தளமும் இருந்தது. சீஸ்ரிங் நிற்கும் குன்றுச்சியையே பழங்கால மக்கள் கல்மதில் கட்டி வளைத்திருக்கிறார்கள். அந்த அடுக்கு அவர்களையும் நிற்கவைத்திருக்கும்.

வட்டங்களுக்கும் குன்றுக்கும் நடுவே ரில்லட்டன் என்ற ஈமமேடு. 1837-ல் கட்டடத்துக்குக் கல் எடுக்க அதைக் கிளறிய கூலியாட்களுக்கு, எலும்புகளோடு ஒரு சின்னத் தங்கக் கிண்ணம் கிடைத்தது. உயரம் 9 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மெல்லிய தகட்டை வரிவரியாக நெளித்துத் தட்டியிருந்தார்கள். புதையல் சட்டப்படி அது அரச குடும்பத்துக்குப் போனது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அதில் தன் சட்டைக் காலர் பொத்தான்களைப் போட்டு வைத்திருந்தார். இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பொத்தான்கள் இல்லாமல்.