கொலாய்டு: பசையா, கூழா?

அறுவை சிகிச்சையின்போது நோயாளியின் தலைமாட்டில் தொங்கும் பாட்டிலை நாம் பொதுவாக ‘குளுக்கோஸ்’ என்றே சொல்லிவிடுகிறோம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அதில் ஏறுவது குளுக்கோஸ் அல்ல. உப்புநீரோ, சில உப்புகளும் லாக்டேட்டும் கலந்த ரிங்கர் லாக்டேட் என்ற கரைசலோதான். இவற்றைக் கிரிஸ்டலாய்டு என்பார்கள். சில நேரம் கொலாய்டு என்ற இன்னொரு வகையும் ஏறும்.

கொலாய்டு என்ற பெயரை வைத்தவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம், 1861-ல். உப்பும் சர்க்கரையும் பார்ச்மென்ட் தாள் வழியே எளிதில் ஊடுருவிப் போயின. பிசினும் மாவுச்சத்தும் ஜெலட்டினும் போகவில்லை. முன்னவை படிகமாகக் கூடியவை என்பதால் அவை கிரிஸ்டலாய்டு. பின்னவற்றுக்கு, பசையைக் குறிக்கும் ‘கொல்லா’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து கொலாய்டு என்று பெயர் வந்தது. இப்படிப் பிரிக்கும் முறையைத்தான் அவர் டயாலிசிஸ் என்றார்.

நம் பாடநூல்கள் கொலாய்டைக் ‘கூழ்மம்’ என்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொல் இது. கிரேக்கர் பசையைப் பார்த்த இடத்தில் தமிழ் கூழைப் பார்த்தது. ரத்தக்குழாயில் ஏற்றப்படும் கூழ்மங்களில் ஒன்றான ஹைட்ராக்சிஎத்தில் ஸ்டார்ச் மக்காச்சோளம் அல்லது உருளைக்கிழங்கின் மாவிலிருந்து செய்யப்படுவது. கிட்டத்தட்ட கூழேதான்!

ஆனால் பசை என்ற பொருளை மனதில் வைத்துக்கொண்டு, ‘இது ரத்தத்தை ஒட்டவைக்கும்’ என்று யாராவது நினைத்தால், உண்மை அதற்கு நேர்மாறு. ரத்தம் உறைவது தட்டணுக்கள் கூடி அடைப்பதாலும், ஃபைப்ரினோஜன் என்ற புரதம் ஃபைப்ரின் இழைகளாக மாறி வலை பின்னுவதாலும். எந்தத் திரவத்தை அதிகமாக ஏற்றினாலும் இவை நீர்த்துப்போகும். இதைக் ‘குருதி நீர்த்தல்’ என்று சொன்னால் மோரில் தண்ணீர் விட்டதுபோல உடனே புரிகிறது. ரத்தம் நிறையப் போகும்போது முதலில் ஆபத்தான அளவுக்குக் குறைவது பெரும்பாலும் ஃபைப்ரினோஜன்தான். குளிர்ந்த திரவம் உடம்பின் சூட்டையும் இறக்கி, உறைதலை இன்னும் மந்தமாக்கும். அதனால்தான் சூடாக்கி ஏற்றுகிறார்கள்.

வியப்பான ஒன்றும் உண்டு. உப்புநீரால் ரத்தம் ஓரளவு மட்டும், அதாவது 20 முதல் 30 சதவீதம் வரை, நீர்த்தால் சில சமயம் உறைதல் வேகமெடுக்கிறது. உறைதலுக்குக் கடிவாளம் போடும் ஆன்டித்ராம்பின் போன்ற பொருள்களும் சேர்ந்து நீர்த்துப்போவதை இதற்கு ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அளவு மிகும்போதுதான் உறைதல் தளர்கிறது.

கூழ்மம் இதற்கும் ஒரு படி மேலே போகிறது. ஸ்டார்ச் கூழ்மங்கள் நீர்த்துப்போகச் செய்வதோடு நிற்காமல், தட்டணுக்களின் மேல் படிந்து அவற்றின் வேலையைத் தடுக்கின்றன. ரத்தம் உறைய உதவும் புரதங்களான வான் வில்லிபிராண்ட் காரணி, எட்டாம் காரணி ஆகியவற்றின் அளவைக் குறைக்கின்றன. ஃபைப்ரின் இழைகள் ஒன்றோடொன்று சேர்வதையும் கெடுக்கின்றன. டெக்ஸ்ட்ரான் என்ற கூழ்மத்தை ரத்தக்கட்டு வராமல் தடுக்கவே ஒரு காலத்தில் கொடுத்தார்கள். ஸ்டார்ச் கூழ்மங்களுக்கு 2021-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இறப்பு, சிறுநீரகப் பாதிப்பு, அதிக ரத்தப்போக்கு ஆகியவை பற்றிய எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றின் விற்பனை அனுமதியையே நிறுத்திவைத்தது.

சரி, கிரிஸ்டலாய்டுக்குத் தமிழில் என்ன? ‘படிகக் கரைசல்’ என்பேன். படிகம் வடமொழி ஸ்படிகத்திலிருந்து வந்தது என்றாலும் நம் வாயில் நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் படிகக் கரைசல் எல்லாமும் ஒன்றல்ல. ரிங்கர் லாக்டேட்டில் கால்சியம் உண்டு. உறைதலுக்குக் கால்சியம் தேவை. தானமாகப் பெற்ற ரத்தம் உறையாதிருக்க அதில் சிட்ரேட் சேர்த்திருப்பார்கள். அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ரிங்கர் லாக்டேட் அதோடு கலந்தால் குழாயிலேயே ரத்தம் கட்டிவிடலாம் என்பதால், ரத்தம் ஏறும் அதே குழாயில் உப்புநீரைத்தான் விடுவார்கள்.