ஆயிரத்துக்கு எத்தனை? நிறுவனத்துக்கு மார்க் போடும் கதை

பினாங்கின் பாயான் லெப்பாசில் நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில், தர விருதுக்காக மதிப்பீட்டாளர்கள் வருவதற்கு முந்தின வாரம் சுவரெல்லாம் வரைபடங்கள் முளைத்தன. பழுது குறைகிறது, புகார் குறைகிறது, எல்லாக் கோடும் நல்ல பக்கமாகவே சாய்ந்திருந்தது. வந்தவர்களில் ஒருவர் அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நைட் ஷிஃப்ட் எத்தனை மணிக்கு என்று கேட்டார். இரவில் திரும்பி வந்து, லைனில் நின்ற ஓர் அக்காவிடம் மலாயில் ஒன்றே ஒன்று கேட்டார்: பழுதான சர்க்யூட் பலகை கையில் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? சிவப்புத் தட்டில் போடுவேன் என்றார் அக்கா. அப்புறம்? யாரோ வந்து எடுத்துப்போவார்கள். எதற்கு என்று அவருக்குத் தெரியாது.

"சுவத்துல இருக்கிற படத்தைப் பத்திக் கேப்பாருன்னு பயந்துக்கிட்டு இருந்தேன் தம்பி. அதை நேத்துதானே ஒட்டினாங்க" என்றார் அக்கா பிறகு என்னிடம்.

அந்த ஒரு பதிலில் எங்களுக்கு எங்கே அடி விழுந்தது என்று புரிய எனக்குச் சில வருடம் ஆனது.

நிறுவனங்களை இப்படி எடைபோடும் முறைக்கு வணிகச் சிறப்புக் கட்டமைப்பு என்று பெயர். ஜப்பானில் 1951இலேயே டெமிங் பரிசு வந்துவிட்டது. அமெரிக்கா 1987இல் சட்டம் போட்டு, மால்கம் பால்ட்ரிஜ் என்ற வணிக அமைச்சரின் பெயரில் விருது வைத்தது. அடுத்த வருடம் அதை முதலில் வென்றவற்றுள் மோட்டோரோலாவும் ஒன்று. அதன் ஆலை அப்போதே பினாங்கில் இருந்தது. மலேசியாவில் பிரதமர் தர விருது 1990இல் தொடங்கியது.

பால்ட்ரிஜ் முறையில் மொத்தம் 1000 மதிப்பெண். தலைமைத்துவம், உத்தி, வாடிக்கையாளர், அளவீடு, ஊழியர், செயல்பாடு ஆகிய ஆறுக்கும் சேர்த்து 550. மிச்சம் 450 விளைவுகளுக்கு. ஆறு பிரிவுகளிலும் மதிப்பீட்டாளர் கேட்பது நான்குதான்: வழிமுறை என்று ஒன்று இருக்கிறதா, அது எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்ததா, அதைப் பார்த்துப் பார்த்துத் திருத்துகிறீர்களா, மற்ற வேலைகளோடு அது பொருந்துகிறதா. எங்களிடம் சிவப்புத் தட்டு இருந்தது, ஆக வழிமுறை உண்டு. நைட் ஷிஃப்டுக்கும் அது வந்திருந்தது. ஆனால் தட்டில் விழுந்த பலகை சொன்ன பாடம், அதைப் போட்ட கைக்குத் திரும்பவில்லை. மூன்றாவது கேள்வியில் மாட்டிக்கொண்டோம்.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. பதிலின் தரத்துக்கு ஒரு விழுக்காடு, அதைப் பிரிவின் மதிப்பெண்ணால் பெருக்க வேண்டும். செயல்பாட்டுக்கு 85 என்றால், 60 விழுக்காட்டுக்கு 51, 40 விழுக்காட்டுக்கு 34. ஒவ்வொரு மதிப்பீட்டாளரும் முதலில் தனியே மார்க் போடுவார், பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள்.

எனக்கு அதிகம் பிடித்தது விளைவுப் பகுதி. பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு வாழையிலைக் கடை என்று வைத்துக்கொள்வோம். மதியம் இலை போட்டுச் சோறு வர 12 நிமிடம். நல்லதா, கெட்டதா? அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. போன வருடம் 20 என்றால் போக்கு நன்றாக இருக்கிறது. பக்கத்துக் கடையில் 7 என்றால் ஒப்பீட்டில் உதை. அதோடு விடுவதில்லை: அடுப்படியை மாற்றியமைத்ததால் 12 ஆனதா, அல்லது ருசி கெட்டுக் கூட்டம் குறைந்ததால் தானாகவே 12 ஆனதா? முன்னது மார்க், பின்னது கடைக்காரர் பெருமையடித்துக்கொள்ளும் விபத்து. நான் பார்த்த முதலாளிகள் பலர் இந்த இடத்தில்தான் கோபப்படுவார்கள். எண் நன்றாக இருக்கிறதே, காரணம் எதற்கு என்பார்கள்.

குறையும் உண்டு. விண்ணப்பம் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். எழுத ஆள் வைத்துக்கொள்ளும் நிறுவனத்துக்குத் தாளில் ஒரு சுற்று லாபம்தான். நேரில் வந்து நைட் ஷிஃப்டில் கேள்வி கேட்பது அதனால்தான்.

எங்களுக்கு விருது கிடைக்கவில்லை. வரைபடங்கள் ஒரே மாதத்தில் சுவரை விட்டு இறங்கின. சிவப்புத் தட்டுக்கு மேலே மட்டும் ஒரு வெள்ளைப் பலகை வந்தது. நேற்று எத்தனை பழுது, எதனால் என்று அதில் எழுதுவார்கள். ஒரு நாள் 'சால்டர் கோளாறு', அதாவது பற்றவைப்பில் கோளாறு, என்று எழுதியிருந்ததை அந்த அக்கா அழித்துவிட்டு, 'மூணாம் மெஷின் சூடு பத்தலை' என்று எழுதிக்கொண்டிருந்தார்.